கழுவியும் போகாத கறுப்பு

புளியங்கொட்டை அளவில் வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு காந்தத் துண்டு. குடுவைக்குள் போட்டால் சுழன்று சுழன்று கரைசலைக் கலக்கும்; கலக்கி என்போம். அதன் ஓரத்தில், எவ்வளவு கழுவியும் போகாத ஒரு கறுப்புக் கீறல் இருந்தது. ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்த நான்தான் அதை மிஸ்ஸின் குடுவைக்குள் போட்டேன்.

மிஸ் எங்கள் பல்கலைக்கழகத்தில் சேதன இரசாயனம் படிப்பித்தவர். கொழும்புத்துறையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அவருடைய ஆராய்ச்சி ஊக்கிகளைப் பற்றியது. தான் செலவாகாமல் மற்ற மூலக்கூறுகளை இணைத்துவிடும் பொருள்கள் அவை. மருந்து தயாரிக்கத் தேவையான ஓர் இணைப்பை எல்லோரும் பலேடியம் என்ற உலோகத்தால் செய்தார்கள். அது தங்கத்தோடு போட்டிபோடும் விலை. மிஸ் அதைச் செம்பால் செய்ய ஆறு வருடம் முயன்றார். மின்வெட்டு நாட்களில் நான் ஐஸ் வாங்கிவர, இருவருமாகக் குடுவைகளைக் குளிரில் காப்போம். கடைசியில் ஒருநாள் இணைப்பு நடந்தது. திரும்பச் செய்தோம், திரும்பவும் நடந்தது. வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரை வந்தபோது மிஸ் திணைக்களம் முழுவதற்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஆய்வு மாணவி ஒருத்தி அதையே புதிய கலக்கிகள் போட்டுச் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வாரமாக அவள் தன் கையைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கறுப்புக் கீறல் நினைவுக்கு வந்தது. முன்பு பலேடியத்தில் கிடந்த கலக்கி அது; மிஸ்ஸுக்கு இணைப்பு நடந்த நாட்களிலெல்லாம் அதைத்தான் போட்டிருந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று இரண்டு நாள் பயந்து திரிந்தேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

மிஸ் கோபிக்கவில்லை. "அது இப்பவும் இருக்கோ, அண்ணை?" என்று மட்டும் கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். செம்பே சேர்க்காமல், அந்தக் கலக்கியை மட்டும் போட்டுப் பார்த்தார். பின்னேரத்துக்குள் இணைப்பு நடந்து முடிந்திருந்தது. கீறலில் ஒட்டியிருந்த பலேடியம்தான் அத்தனை வேலையையும் செய்திருக்கிறது.

திணைக்களத் தலைவர் அவரை அழைத்தார். நானும் நின்றேன்.

"உம்மடை பதவி உயர்வு வாற நேரம். ஒருத்தருக்கும் தெரியாதுதானே, பேசாமல் விடும்."

"ஆரோ ஒரு பிள்ளை இதை நம்பி மூண்டு வருஷம் மினக்கெடும், சேர்," என்றார் மிஸ்.

முடிவு பிழை என்று ஆய்விதழுக்கு எழுதி, கட்டுரையை அவரே மீளப் பெற்றார். அந்த முறை பதவி உயர்வு கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு வருடம், சுத்தமாகத் தெரியும் கலக்கிகளில் எவ்வளவு உலோகம் ஒளிந்திருக்கிறது என்பதையே தேடினார். அதைப் பற்றி எழுதிய புதிய கட்டுரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டார். நான் மறுத்தபோது, "கண்டுபிடிச்சது நீங்கள்தானே," என்றார்.

நான் ஓய்வுபெற்ற வாரத்தில் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். அந்தக் கட்டுரைக்குப் பிறகு தங்கள் ஆய்வுகூடத்தில் இப்படியான பரிசோதனைகளுக்குப் புதிய கலக்கிதான் பாவிக்கிறார்கள், அங்கேயும் இரண்டு பெரிய முடிவுகள் பொய்த்துப்போயின என்றார். மிஸ் என்னைக் காட்டி, கட்டுரையில் உள்ள மற்றப் பெயர் இவருடையது என்றார். வந்தவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் போன பிறகு மிஸ் சொன்னார்: "அண்டைக்கு நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால், நான் ஒரு பிழையாலை பெரிய ஆளாகியிருப்பன், அண்ணை."

சொன்னால் வேலை போய்விடும் என்று இரண்டு நாள் பயந்திருந்ததை நான் அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.