பல்லடம் கோழிப்பண்ணைக்குப் பதினெட்டு பேரும் ஒரு சட்டையும்

கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "பசங்களப் பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குக் கூட்டிட்டுப் போகோணும். எப்படிப் போறது, என்ன பாக்கறது, எழுதிக் குடு." பஸ் விவரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்தான். ஆனால் நான் ஒருமுறை அப்படிக் கூட்டிக்கொண்டு போய், அடுத்த எட்டு நாள் சோறு இறங்காமல் அலைந்தவன். அதையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதம். எனக்கு இருபது வயது. கோவையில் பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்து, இரண்டாம் வருடம் பாதியில் விட்டுவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பல்லடத்தில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் வேலை. மொபெட்டில் பண்ணை பண்ணையாகப் போய்த் தடுப்பு மருந்து போடுவேன். ஒருநாள் எங்கள் விலங்கியல் சாந்தி மேடத்தைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒளியலாம் என்று திரும்பினால் பிடித்துவிட்டார்.

"நீ படிப்ப விட்டது போகட்டும். நம்ம பசங்க கோழிக்கு வர்ற வெள்ளைக் கழிச்சல் நோய் பத்தி மூணு பக்கம் எழுதறானுங்க. ஒருத்தனும் பண்ணைக்குள்ள கால் வச்சதில்ல. காட்டறயா?"

காட்டுகிறேன் என்றேன். அந்த வகுப்பு என் பழைய வகுப்பு. பாதியில் ஓடியவன் எல்லாருக்கும் முன்னால் நின்று விளக்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை. சொல்லத்தானே வேண்டும்.

பண்ணை செல்வி அக்காவுடையது. முப்பது வயதிருக்கும். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வாரம் ஒருநாள்தான் வருவார். இரண்டாயிரம் கறிக்கோழியை அக்கா தனியாக ஒரு வேலையாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய முதல் பேட்ச். நகையை வைத்துப் போட்ட கொட்டகை. "கூட்டம் வந்தா கோழி மெரளுமுங்க தம்பி" என்று முதலில் தயங்கினார். நான் பொறுப்பு என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கக் கூடாது.

அன்று காலை 6.10க்குப் பல்லடத்தில் பஸ் ஏறி ஏழு மணிக்குச் சிங்காநல்லூர் வந்துவிட்டேன். பதினாறு மாணவர்கள், மேடம், நான், மொத்தம் பதினெட்டு பேர். 7.40க்குப் பல்லடம் பஸ். இருபத்தெட்டு கிலோமீட்டர், ஒண்டிப்புதூர், சூலூர், காரணம்பேட்டை வழியாக ஐம்பது நிமிடம், அன்றைய டிக்கெட் ஐந்தரை ரூபாய். உட்கார இடம் கிடைக்காது. கண்டக்டர் எங்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

"பதினெட்டுப் பேரும் எங்கீங்க, கண்ணாலத்துக்கா?"

"கோழி பாக்கங்க" என்றான் பிரபு. சூலூர்க்காரன். முன்பு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டில் படம் வரைந்து கொடுத்தவன்.

"பல்லடத்துக்குப் போய்க் காசு குடுத்தா அதுவே எலைக்கு வருமே" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் சிவப்புச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கமில்லாத நிறத்தைக் கண்டால் கோழிகள் ஒரு மூலையில் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சடைத்துச் சாகும். ஒரு பெண் சிவப்புத் துப்பட்டா. மடித்துப் பையில் வைக்கச் சொன்னேன்.

பல்லடத்தில் இட்லி. பிறகு தாராபுரம் சாலையில் டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர், மண் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடை. 10.15க்குப் பண்ணை வாசல். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "இந்த வாரத்துல வேற பண்ணைக்குப் போனவங்க இருக்கீங்களா?" யாருமில்லை. செருப்பைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, ஆறு ஆறு பேராக உள்ளே விட்டேன். கோழிக்கு அன்று முப்பத்துநான்கு நாள். இன்னும் எட்டு நாளில் விற்பனைக்கு ஏற்றிப்போக லாரி வரும்.

எல்லாம் நன்றாகவே போனது. எச்சம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும், தீவனத் தொட்டி ஏன் முதுகு உயரத்தில் தொங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். மேடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பிரபுதான் பதில் சொன்னான். நோய்க்கிருமி உடம்பில் புகுந்து எத்தனை நாளில் வெளியே தெரியும், துணி, கால், பாத்திரம் எதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு பரவும், எல்லாம் மனப்பாடம். ஒரு கோழியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து இறக்கையை விரித்தும் காட்டினான். லாவகமாகப் பிடித்தான். "தம்பி ஊட்டுல கோழி வளக்கறாங்களாட்டம் இருக்குது" என்று செல்வி அக்காகூடச் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த ஆறு பேரை உள்ளே விடும் அவசரம்.

ஒன்றேகாலுக்குப் பல்லடம் மெஸ்ஸில் சாப்பாடு. பிரபு சட்டைப் பையிலிருந்து ஒரு இங்க் ஃபில்லரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

"எதுக்குடா அது?"

"காலைல சேவலுக்குத் தண்ணி உட்டேன்டா. அப்படியே பையில கெடக்குது. ரெண்டு நாளா தண்ணியே குடிக்கல. மடியில போட்டு உட்டாத்தான் எறங்குது. கழுத்து ஒரு பக்கமாத் திருகிக்குது. நீதான் மருந்துக் கடையில இருக்கயே, என்ன குடுக்கலாம்?"

சண்டைச் சேவல். எங்கள் பக்கத்தில் அதைக் கோழி வளர்ப்பு என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டில் ஒரு ஆள் மாதிரி. பாதாம் ஊற வைத்துக் கொடுப்பார்கள், நீச்சல் பழக்குவார்கள். அதைத் தொட்ட கையோடு பண்ணைக்குப் போகக் கூடாது என்று அவனுக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

"எச்சம்?"

"பச்சையா..." என்றவன் நிறுத்தினான். கழுத்துத் திருகலும் பச்சை எச்சமும் வெள்ளைக் கழிச்சலின் அறிகுறி என்பது அப்போதுதான் அவனுக்கே ஏறியது. தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். மேடம் இலையை மூடினார்.

"இப்பவே போய் அந்தம்மாகிட்டச் சொல்லு" என்றார் என்னிடம்.

"மொதல்ல சேவலப் பாத்துட்டு வந்தர்றேனுங்க மேடம். வேற எதாச்சுமா இருக்கும்" என்றேன்.

அது சால்ஜாப்பு. உண்மையான பயம் வேறு, அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் செல்வி அக்காவுக்குத் தடுப்பு மருந்து கொண்டுபோனபோது காரணம்பேட்டையில் மொபெட் பஞ்சர். வெயிலில் இரண்டு மணி நேரம். பிளாஸ்க்கில் இருந்த ஐஸ் முழுக்க உருகி வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பப் போய் வேறு வாங்கினால் கடைக்காரர் திட்டுவார். அப்படியே கொடுத்துவிட்டேன். சூடுபட்ட மருந்து வெறும் தண்ணீர். அந்த இரண்டாயிரம் கோழிக்கும் தடுப்பு இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு மட்டும் தெரிந்த சந்தேகம்.

1.40 பஸ்ஸில் எல்லாரும் திரும்பினோம். நானும் பிரபுவும் சூலூரில் இறங்கினோம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், பாதி தூரம் ஓடினோம். அவன் வீட்டில் சேவல்மேல் கவிழ்த்திருந்த கொடாப்புக் கூடையைத் தூக்கிக் காட்டினார்கள். சேவல் தலையை முதுகுப்பக்கம் திருப்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தேகமே இல்லை.

"ஏனுங்க தம்பி, ஒரு ஊசி போட்டுப்போட்டீங்கன்னா எந்திரிச்சுக்குமுங்களா?" என்று கேட்டார் பிரபுவின் அம்மா.

"எந்திரிக்காதுங்க" என்றேன். சுற்றி வளைக்க நேரமில்லை.

மூன்றரை மணி பஸ்ஸில் திரும்ப வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு மனது கணக்குப் போட்டது. எட்டு நாள்தானே. நோய் வந்தாலும் எங்கிருந்து வந்தது என்று யார் கண்டுபிடிப்பார்கள்? இன்னொரு மனது, இன்றைக்கே புது மருந்து கொடுத்தால் பிழைக்க வழி உண்டு, நாளைக்குக் கொடுத்தால் இல்லை என்றது. கடையில் கை கால் கழுவி, புது மருந்து எடுத்து, பிளாஸ்க் நிறைய ஐஸ் போட்டு, 4.40க்குப் பண்ணை வேலிக்கு வெளியே நின்றேன். சேவலைப் பார்த்த உடம்போடு உள்ளே போக முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, காலைல வந்த ஒரு பையன் சீக்குச் சேவலத் தொட்டுட்டு வந்துட்டானுங்க."

செல்வி அக்கா தீவன வாளியைக் கீழே வைத்தார். "அதுக்குத்தான் மூணு வாரத்துக்கு மின்னாடியே மருந்து குடுத்தமுங்களே தம்பி."

"அந்த மருந்துல ஐஸ் இல்லீங்க அக்கா. வழியில உருகிப்போச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

வேலையாள் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். அக்கா திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"இப்ப என்ன பண்ணோணும், அத மட்டும் சொல்லு" என்றார். அதுவரை தம்பி, வாங்க, போங்க. அதற்குப் பிறகு வா, போ.

தண்ணீர்த் தொட்டிகளை எல்லாம் தூக்கிவிடுங்கள், இரண்டு மணி நேரம் தாகம் எடுக்கட்டும், பிளீச்சிங் பவுடர் கலக்காத கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடரும் மருந்தும் கலந்து வையுங்கள் என்று கத்தினேன். பிளாஸ்க்கை வாசல் கல்லில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அக்கா வந்து அதன்மேல் காலையில் கால் நனைத்த அந்தக் கிருமிநாசினித் தண்ணீரை ஊற்றிக் கழுவி எடுத்துப் போனார். ஆறே முக்காலுக்குக் கோழிகள் குடிக்கும் சத்தம் வேலிவரை கேட்டது.

அதன்பின் தினமும் போனேன். வேலிக்கு வெளியேதான். இரண்டாம் நாள் பிரபுவின் சேவல் செத்தது. சுண்ணாம்பு போட்டுப் புதைத்தானாம். நான்காம் நாள் அக்கா இரண்டு செத்த கோழிகளைத் தூக்கிக் காட்டினார். "வெயிலுக்கா, அதுக்கா?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். பாலித்தீன் பையில் கட்டிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அறுத்துப் பார்க்கிற பத்து நிமிடமும் வாசல் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றேன். வெயில்தான் என்றார். எட்டாம் நாள் லாரி வந்து கோழிகளை ஏற்றிப் போனது.

சட்டையில் கிருமி இல்லையா, இரண்டாவது மருந்து காப்பாற்றியதா, இல்லை முதல் மருந்தே வேலை செய்ததா, இன்றுவரை தெரியாது. பிரபு தன் ரெக்கார்டு நோட்டில், பரவும் வழிகள் என்ற தலைப்பில் புத்தகத்தில் இருந்ததை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் "என் நீலச் சட்டை" என்று சேர்த்திருந்தான். மேடம் அதை அடிக்காமல் பக்கத்தில் டிக் போட்டிருந்தார்.

இனி நண்பருக்கு. வெயில் ஏறுமுன் போங்கள், மார்ச் ஏப்ரல் வேண்டாம். முன்னதாகவே பண்ணைக்காரரிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், கோழி அவருடையது. ஒரு தடவைக்கு ஆறு பேருக்குமேல் வேண்டாம், வெளிர் நிறத் துணி, கேமரா ஃப்ளாஷ் கூடாது. ஒரே நாளில் இரண்டு பண்ணை பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். முக்கியமாக, கிளம்புவதற்கு முந்தின நாளே ஒவ்வொருவராகக் கேளுங்கள்: வீட்டில் சேவல் இருக்கிறதா, புறா இருக்கிறதா, காலையில் எதைத் தொட்டாய். பஸ் ஏறிய பிறகு கேட்டால், திரும்பிப் போகச் சொல்ல உங்களுக்கு மனம் வராது.

செல்வி அக்கா அடுத்த பேட்சுக்கும் என்னிடம்தான் மருந்து வாங்கினார். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் நான் பிளாஸ்க்கை நீட்டியதும் மூடியைத் திருகி, விரலை உள்ளே விட்டு, ஐஸ் தட்டுப்படுகிறவரை எடுக்கமாட்டார். நான் அந்தக் கடையில் இருந்த வருடங்கள் முழுக்க அப்படித்தான். விரலை எடுத்துச் சேலையில் துடைத்துவிட்டு, "செரி, குடு" என்பார்.