எங்கள் ஊருக்கு அண்ணை தீட்டிய நிறங்கள்

அடியில் கிடந்த வெள்ளைத் தாளில் ஆறுகளும் மலைகளும் மட்டும். அதன்மேல் அண்ணை கண்ணாடித்தாள்களை ஒவ்வொன்றாக மாற்றி வைக்க, ஒரே நிலம் ஒரு நூற்றாண்டில் பச்சையாகவும் அடுத்ததில் மஞ்சளாகவும் ஆனது. எண்பதுகளின் நடுவில், பாரிசில் லா சப்பலை அடுத்த ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நாங்கள் இருந்த ஒற்றை அறையில், சோற்றுப்பானையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் விரித்த ஐரோப்பா அது.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. அறையில் மூத்தவர், ஊரில் நில அளவையாளர்களுக்குப் படம் கீறியவர். பாரிசில் ஒரு வயதான பேராசிரியருக்கு இடைக்கால ஐரோப்பாவின் வரைபடங்களைக் கீறிக் கொடுத்தார். கணக்கில் காட்டாத வேலை, நாங்கள் ‘நுவார்’ என்போம். நானோ பலசரக்குக் கடையில் வெங்காய மூட்டை இறக்குபவன். ஒரு கலியாணம் நடந்தால் நாடே கைமாறுமாம். ஒரே கிராமத்தில் வரி ஒருவனுக்கு, வழக்கு இன்னொருவனிடமாம். அவர் தொடங்கினாலே எனக்குக் கொட்டாவி வரும். “அந்தக் காலத்தில எல்லை எண்டது கோடில்லையடா, ஆருடைய கை ஓங்கியிருக்கோ அதுதான்” என்பார்.

என் அகதி விண்ணப்பத்துக்கு ஊர்ப்படம் ஒன்று கீறித் தாருங்கள் என்று கேட்டேன். மனிதருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஐரோப்பாவைக் கீறிய அதே முறையில் எங்கள் ஊரையும் கீறினார். அடித்தாளில் தெருக்கள், ஒழுங்கைகள், குளம், கோவில். மேலே ஆண்டுக்கொரு கண்ணாடித்தாள்: ஆமி காம்புக்கு ஒரு நிறம், ஆயுதம் ஏந்திய இயக்கங்களுக்கு வேறு வேறு நிறங்கள். எந்த ஒழுங்கை எப்போது யார் கையில் இருந்தது என்று என்னைக் குடைந்து குடைந்து கேட்டுத் தீட்டினார். நானும் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

விசாரித்த அதிகாரி யார் கீறியது என்று கேட்டார். அண்ணையின் வேலை வெளியே வந்துவிடுமே என்று, நான்தான் என்றேன். ஒழுங்கை ஒழுங்கையாக இவ்வளவு அறிந்தவன் ஊரைவிட்டுத் தப்பி வந்தவனாக இருக்க முடியாது, அவற்றைப் பிடித்து வைத்திருந்தவர்களில் ஒருவனாகத்தான் இருப்பான் என்று எழுதி, விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

அண்ணை கூனிக் குறுகிப் போனார். நான் வேலைக்குப் போன பிறகுதான் எழும்புவார், வருவதற்குள் படுத்துவிடுவார். ஒரே அறையில் இருந்துகொண்டு முகத்தை ஒளித்தார். நான் அவரைத் தேற்றவில்லை. படட்டும் என்றே இருந்தேன்.

மேன்முறையீட்டுக்கு அவராகவே வந்தார். நான் கூப்பிடவில்லை, வேண்டாம் என்று தடுக்கவுமில்லை. கீறியது தான்தான் என்றார். எங்கே பழகினீர் என்று கேட்டபோது பேராசிரியரிடம் செய்த வேலையையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அகதிக் கார்ட் கிடைத்தது. பேராசிரியர் பயந்துபோய் இனி வரவேண்டாம் என்று அவரை நிறுத்திவிட்டார்.

பாரிசுக்கு வெளியே பொண்டியில் வீடு வாங்கிவிட்டேன், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இப்போதும் அந்த நாளை நினைத்தால் வெட்கத்தில் காது சுடுகிறது. கார்ட் வந்த அன்று அதை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னாலதான் தம்பி உனக்கு இவ்வளவு சுணங்கினது. மனசில வைச்சிருக்காதை” என்றார்.

வேலை போன மனிதரிடம், பெரிய மனதோடு மன்னிப்பவன்போல, “பரவாயில்லை அண்ணை” என்றேன்.