என் கைக்கு மட்டும் எழும்பாத பில்

சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் அப்போது நான்தான் கம்ப்யூட்டர் பார்த்தேன். மின்வெட்டுக்குப் பயந்து சாயங்காலம் சர்வரை அணைத்துவிட்டு, காலையில் வந்ததும் போட வேண்டும். அதில் இரண்டு ஜாவா அப்ளிகேஷன்கள். ஒன்று சரக்கு இருப்பும் விலையும் வைத்திருப்பது, இன்னொன்று பில் போடுவது. நான் சர்வரைப் போட்டால் சரக்கு எழும்பும், பில் படுத்துக்கொள்ளும். பதறிப்போய் மொத்தத்தையும் அணைத்து அணைத்துப் போடுவேன், மறுபடியும் படுக்கும். கணக்குப்பிள்ளை சாவகாசமாக வந்து, தனக்குத் தெரிந்த ஒரே பட்டனை அமுக்கிப் பில்லை மட்டும் ஸ்டார்ட் செய்வார். சமர்த்தாக எழுந்து உட்காரும். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம்.

லோடு ஏற்றிய லாரி பில்லுக்காக வாசலில் நிற்கும். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"ஒங் கைக்கு ராசி இல்லை தாயி. அடுத்த வாரத்துலருந்து லேபிள் ஒட்டுற ரூமுக்குப் போயிரு" என்றார், ஏதோ பெரிய தயவு போல.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. லேபிள் ஒட்டி ஒட்டித்தான் அம்மா என்னைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைத்தாள். அதே ரூமில் போய் உட்கார்ந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? போதாக்குறைக்கு, நாலு பேர் சொல்லச் சொல்ல எனக்கே என் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கக்கூடப் பயந்தேன்.

அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. "நாளைக்கு நான் வெள்ளன வந்து போட்டுர்றேன். நீ பேசாம இரு" என்றார். சொன்னபடியே எனக்கு முன்னால் வந்து சர்வரைப் போட்டார். பில் படுத்துவிட்டது, அவர் கைக்கும். மனிதர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குதிக்கவும் தோன்றியது.

அப்புறம்தான், சர்வர் தான் செய்வதையெல்லாம் எழுதி வைக்கும் லாக் ஃபைலை வரிவரியாகப் படித்தேன். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த சர்வர் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஒவ்வொன்றாக எழுப்பும். B-யில் தொடங்கும் பில் முதலில் எழுந்து, S-இல் தொடங்கும் சரக்கிடம் விலை கேட்கும். சரக்கு இன்னும் எழும்பியே இருக்காது. பதில் சொல்ல ஆளில்லாமல் பில் விழுந்துவிடும். சற்றுக் கழித்து பில்லை மட்டும் ஸ்டார்ட் செய்தால் சரக்கு தயாராக இருக்கும். அண்ணாச்சியின் ராசி அவ்வளவுதான். எது முன், எது பின் என்று எண் கொடுக்க சர்வர் செட்டிங்கிலேயே இடம் இருந்தது. சின்ன எண் முதலில் எழும்பும். சரக்குக்குச் சின்ன எண்ணும் பில்லுக்குப் பெரிய எண்ணும் கொடுத்து, அணைத்துப் போட்டேன். இரண்டும் எழுந்தன.

அந்நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். பில் ஓடுவதைப் பார்த்தார், கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் அண்ணாச்சி இருப்பதையும், நான் பக்கத்தில் நிற்பதையும் பார்த்தார்.

"நான் சொல்லலை? அண்ணாச்சி கை பட்டாப் போதும்" என்றார். வேலையே போனாலும் போகட்டும் என்கிற மாதிரி ஒரு பதில் என் நாக்கு நுனியில் நின்றது.

அதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "இல்லை மொதலாளி. இன்னைக்கு எங் கைக்கும் நின்னுபோச்சு. கையில ஒண்ணுமில்லை. இந்தப் பிள்ளைதான் என்னன்னு பாத்துச் சரி பண்ணுச்சு. நாளைக்கு நீங்களே போட்டுப் பாருங்க."

முதலாளி அவர் கையை ஒரு மாதிரி பார்த்தார்.

எனக்கு வேலை நிலைத்தது. சீசனின் முதல் பெரிய லோடு கிளம்பிய அன்று, ராசியான கை என்று வருசா வருசம் லாரிக்குத் தேங்காய் உடைக்கச் சொல்கிற அண்ணாச்சியை விட்டுவிட்டு, முதலாளி வேறு ஆளைக் கூப்பிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"பில்லு போட்டாச்சாம்மா? லாரி நிக்கு பாரு" என்றார்.