அவளுக்கு ஒரு பச்சைக் கொடி

அந்த ரயில் நிலையத்தை மூடி வெகுகாலமாகிவிட்டது. திறந்திருந்த காலத்திலும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஓர் அறை, சுவரில் ஓட்டை போட்ட மாதிரி ஒரு டிக்கெட் ஜன்னல், ஒரு சிமெண்ட் பெஞ்சு, தரையோடு தரையாக ஒரு பிளாட்பாரம், மணி என்ற பெயரில் தொங்கிய ஒரு துண்டுத் தண்டவாளம். பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில், எல்லாரும் ஸ்டேஷனம்மா என்று கூப்பிட்டவள் குடித்தனம் நடத்தினாள். பெரிய அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் புருஷன் அங்கே கொடி காட்டுகிறவர், அவ்வளவுதான்.

ஆனால் நிலையமே அவள் தயவில்தான் ஓடியது. கைக்குழந்தைக்காரிகள் பால் காய்ச்ச அவள் அடுப்பைத் தேடி வருவார்கள். மழை பிடித்தால் பெஞ்சுக் கூட்டம் மொத்தமும் அவள் வீட்டுக்குள். ஸ்டேஷன் மாஸ்டர் சாவியைத் தொலைத்தால் அவளைத்தான் கேட்பார். மணி அடித்ததும் உலை வைப்பாள். வண்டியை அனுப்பிவிட்டுப் புருஷன் கை கழுவும்போது சோறு தயாராக இருக்கும்.

இத்தனைக்கும் அவள் ரயிலேறியதே இல்லை. பிறந்த வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கல்யாணமாகி அவள் செய்த பயணம் தண்டவாளத்தைத் தாண்டியதுதான். யார் யாருக்கோ விறைப்பாக நின்று பச்சைக் கொடி காட்டுகிற மனுஷன் தனக்கும் ஒரு தடவை காட்ட வேண்டும், அதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை.

"எனக்கு எப்பங்க காட்டப் போறீங்க?"

"அடுத்த மாசம்" என்பார்.

அந்த அடுத்த மாதம் வருவதற்குள் ரோடு வந்தது, பஸ் வந்தது, ஜனம் பஸ்ஸோடு போய்விட்டது. நிலையத்தைப் பூட்டிய அன்று அவள் வீட்டில் சாவு விழுந்த மாதிரி அழுதாள். அவரை அடுத்த ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அங்கேயே ரிட்டயரும் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள் பக்கத்திலேயே ஒரு வீடு பிடித்தார்கள். தூரமாகப் போக இருவருக்கும் மனசு வரவில்லை.

பிறகு, தொலைவில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மாட்டைப் பார்த்துக்கொள்ள அவர் இருப்பதென்றும் அவள் மட்டும் போவதென்றும் முடிவாயிற்று. அடுத்த ஸ்டேஷன் வரை பஸ்ஸில் கொண்டுபோய்விட அவள் தம்பி வந்தான். அவரும் செருப்பை மாட்டினார்.

"நீங்க வர வேணாம். நம்ம பிளாட்பாரத்துல போய் நில்லுங்க, வண்டி அந்த வழியாத்தான் போகும். என் வண்டிக்குக் கொடி காட்டுங்க."

"ரிட்டயர் ஆனவன் கொடி புடிக்கக் கூடாது, இவளே."

"வண்டியே நிக்காத எடத்துல யாரு வந்து கேக்கப் போறா? இன்னிக்கு விட்டா எப்ப?"

அவர் மாட்டிய செருப்பைக் கழற்றி வைத்தார்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வருவாரோ மாட்டாரோ என்று ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள். புல் மண்டிய பிளாட்பாரம் தெரிந்தது. நின்றார். பழைய காக்கிச் சட்டை, பொத்தானுக்கு அடங்காத வயிறு, நீட்டிய கையில் வெளுத்துப்போன பச்சைக் கொடி. "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே கையை வெளியே நீட்டி ஆட்டினாள். அவர் தலையைத் தூக்கவில்லை. அவள் பெட்டி கடந்துபோயிற்று. எட்டிப் பார்த்தாள். கடைசிப் பெட்டி வரைக்கும் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகை முட்டியது. எதிரே இருந்த பெண் என்னவென்று கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றாள்.

பேரன் பிறந்து, ஊர் திரும்பியவள் பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

"அத்தன கூப்பாடு போட்டேனே. ஒரு தடவ நிமிந்து பாத்திருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?"

"கொடி காட்டறவன் சக்கரத்தத்தான் பாக்கணும். எங்கயாவது பொகையுதா, எதாவது தொங்குதான்னு" என்றார் அவர். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டே, "அன்னிக்கு இன்னும் நல்லாவே பாத்தேன். அதுக்கு மேலதான நீ உக்காந்திருந்த?" என்றார்.

ஸ்டேஷனம்மா மணி அடிக்காமலே உலை வைக்கப் போனாள்.