கவர் பிரிக்காத ஃபில்டர்

எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கிற அக்காவுக்குத் தெரு வைத்த பெயர் நாலாம் கியர். நடையும் அப்படி, பேச்சும் அப்படி. நான் மாடிப்படியில் இறங்கி வருவதற்குள் அக்கா காரைத் துடைத்து, என்னை நாலு கேள்வி கேட்டு, பதிலையும் தானே சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்.

அக்கா ஓட்டுவது வாடகைக் கார். ஆனால் கண்ட சவாரியை ஏற்ற மாட்டார். சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸுக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கை. போகும்போது வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் திரும்பும்போது துவண்டுபோய்க் கிடப்பார்கள். அவர்களுக்கென்று பின்சீட்டில் ஒரு தலையணை, ஒரு போர்வை, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு கிண்ணம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒருநாள் சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டுக் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாராம். "சீட்டைக் கழுவிக்கலாம் சார். நீங்க நிமிர்ந்து உக்காருங்க, மூச்சு முட்டும்" என்றாராம் அக்கா. அன்றிலிருந்து வாத்தியார் வேறு வண்டியில் ஏறுவதில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் ஏதோ ஆபீசில் ஃபைல்களோடு காலம் தள்ளிவிட்டு, போன வருஷம் ஓய்வுபெற்றவர். அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறை. மத்தியானம் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கிறதாம். அக்கா விடிவதற்குள் எழுந்து எல்லாம் சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான் போவார். எடுத்துப் போட்டுக்கொள்ளக் கை வலிக்குமோ என்னவோ.

அக்காவின் சொந்தத் தம்பி மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அக்கா கார் ஓட்டுகிற இத்தனை வருஷத்தில் பானெட்டைத் தானே திறந்ததே இல்லை. தெரியாது என்பதால் இல்லை. "நான் திறந்து பாத்தா, அக்காவுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லைன்னு அவன் நினைச்சுப்பான்" என்பார். தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றாலும் தம்பியிடம்தான் போவார்.

அந்தத் தம்பி சர்வீஸ் செய்து கொடுத்த பிறகுதான் காருக்குச் சனி பிடித்தது. இழுவை இல்லை. மேடு கண்டால் திணறியது, பின்னால் கறுப்பாகப் புகைந்தது. மேம்பாலத்தின் பாதியில், பின்சீட்டில் வாத்தியார் துவண்டு கிடக்க, நின்றே போனது. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனை அழுத்தித் திட்டியிருக்கிறார்கள். தம்பி வந்து, பானெட்டில் காதை வைத்து டாக்டர் மாதிரி கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இன்ஜின் போச்சுக்கா. இனி இதுல கை வெச்சா வீண்தான். வித்துடு. ஆளுகூடப் பாத்துட்டேன்."

அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. வாடிக்கைக்காரர்களிடம், "கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க, எப்படியாவது வேற வண்டியோட வந்துடுறேன்" என்று போனில் சொல்லிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்காரர் அன்று மத்தியானம் மனைவி பரிமாறச் சுடச்சுடச் சாப்பிட்டார்.

கார் வாங்குகிற ஆள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. அன்று காலை அக்கா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"மாடிப் பொண்ணே, கொஞ்சம் வந்து செல்போன் லைட் அடி."

கையில் புது ஏர் ஃபில்டர், இன்ஜின் இழுக்கும் காற்றை வடிகட்டுவது. உதிரிபாகக் கடைக்காரர் மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்குக்கா இது?"

"போற இடத்துலயாவது நல்லா மூச்சு விடட்டும். இவ்வளவு நாள் எனக்குச் சோறு போட்டிருக்கு. தம்பிக்கு இன்னிக்கு லீவு, நாமளே மாட்டிடலாம்."

முதல்முறையாகப் பானெட்டைத் திறந்தார். ஓரத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதைச் சுற்றிக் கிளிப்புகள். ஒன்று தெறித்து விரலில் அடித்தது. "சனியனே" என்று அதையும் செல்லமாகவே திட்டினார். மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு ஃபில்டர், புத்தம்புதுசு, அழுக்கே படவில்லை. எப்படிப் படும்? கடையில் கொடுத்த பாலிதீன் கவர்கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியா என் தம்பி லட்சணத்தை! மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடு ஓடுன்னா எப்படி ஓடும்? இரு, அவன் மானத்தை வாங்குறேன்." கையெல்லாம் தூசி என்பதால் என்னை நம்பர் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் பேசினார்.

"டேய் பெரிய மெக்கானிக்கு! கவரோடவே ஃபில்டரை மாட்டி வெச்சிருக்கியேடா! இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலடா, நல்லாத்தான் இருக்கு!"

அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. "நீ எதுக்குக்கா அதைத் திறந்தே?" என்றான்.

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து கவரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கவரைச் சுற்றி இறுக்கமாக டேப் ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் பிளேடால் நேர்கோடாகக் கீறல். வண்டி சாகாமலும் ஓடாமலும் இருக்க எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவு. தொழில் தெரிந்தவன் அளந்து செய்த வேலை.

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"அத்தான்தான்க்கா... திரும்பத் திரும்ப வந்து கேட்டாரு. சொன்னா நீ கேக்க மாட்டேன்னாரு. உன் நல்லதுக்குத்தானேன்னு..."

"நீ எனக்குத் தம்பியாடா, அவருக்குத் தம்பியாடா?"

அவன் போனை வைத்துவிட்டான். உன் நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டே கழுத்தை அறுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். மேம்பாலத்தில் பின்னால் வந்த லாரி இடித்திருந்தால் அது யாருடைய நல்லதுக்கு?

அக்கா கவரைக் கிழித்து எறிந்தார். தான் வாங்கிவந்த ஃபில்டரை வைத்துக் கிளிப்புகளை மாட்டி, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரு திணறல் இல்லை, ஒரு பொட்டுப் புகை இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அக்கா அழுதார், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வெளியே வந்தார். கிழிந்து கிடந்த கவரைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"இப்ப என்ன ஆயிடுச்சு? விஷமா வெச்சோம்? வெறும் பிளாஸ்டிக் கவரு. ஓட்டினது போதும், வீட்ல நான் ஒருத்தன் இருக்கேன்ல."

"அதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். அதுக்காக என் தம்பியை விட்டே என் வண்டியைக் கெடுப்பீங்களா?"

அவர் காபியை ஆற்றினார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாத்தியாருக்குப் போன் போடு" என்றார் என்னிடம். போட்டேன். மறுபடி ஸ்பீக்கர்.

"சார், நான்தான். வண்டி சரியாயிடுச்சு சார். நாளைக்குக் காலைல வழக்கம்போல வந்துடுறேன்."

வாத்தியார் தயங்கினார். "வேற வண்டி ஏற்பாடு பண்ணிட்டோமேம்மா. பொறுத்துக்கோங்கன்னு நீ சொன்ன மறுநாளே உன் வீட்டுக்காரர் போன் பண்ணினாரே. இனிமே அவ ஓட்ட மாட்டா, முடிவு பண்ணிட்டான்னு எங்க எல்லாருக்கும் சொன்னாரு. நிறுத்துறது உன் இஷ்டம்மா, அதுல தப்பு சொல்லல. ஆனா இத்தனை வருஷம் பழகிட்டு, அதை நீ உன் வாயால ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டியேன்னுதான் எனக்கு மனசு ஆறல."

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே இப்பத்தான் சார் தெரியும்" என்றார் அக்கா.