சாவியைத் துடைத்துக் கொடுத்தவர்

என் அண்ணன் லாரி முதலாளி. காலையில் நாமக்கல் ஷெட்டில் டிரைவர் வந்து நின்றால் சாவி உடனே கைக்கு வராது. அண்ணன் அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, "ஊது" என்பார். ராத்திரி குடித்த வாடை லேசாக அடித்தாலும் சாவி மறுபடி ஆணிக்குப் போய்விடும். தன்னைவிட மூத்தவர்களையும் அப்படித்தான் ஊதச் சொல்வார். கண்டிப்பான மனுஷன் என்று ஊரில் பெயர். அவர் மகள் கல்யாணம் வரைக்கும் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் கறி விருந்து. எங்கள் பக்கத்தில் அது இரண்டு இடத்தில் நடக்கும். பந்தலில் இலை போட்டு நடப்பது ஒன்று. தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஐஸ் பெட்டி, பேப்பர் டம்ளர், ஈரல் வறுவலோடு ஆண்களுக்கு நடப்பது இன்னொன்று. குழம்பில் உப்பு குறைந்தால் சம்பந்தி வீட்டார் பெரிய மனது பண்ணி விட்டுவிடுவார்கள். பாட்டில் குறைந்தால் பேரன் பிறந்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கையாலேயே ஊற்றினார். சாப்பிடுகிற பெண்களையும் குழந்தைகளையும் ஏனென்று கேட்க அவருக்கு நேரமில்லை. குடித்தவர்கள் எல்லோரும் எடப்பாடியிலிருந்து சொந்தக் காரில் வந்த மாப்பிள்ளை வீட்டு ஆட்கள். அந்தக் கார்களை வேப்பமர நிழலில் நிறுத்த வைத்ததும் அவர்தான்.

நான் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் சித்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டில் தறி போட்டிருக்கிறார்கள். நாளெல்லாம் இரண்டு தறிக்கு நடுவில் நின்றும் நடந்தும் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறவள். இலையில் கூட உட்காரவில்லை.

"அக்கா, எங்கூட்டுக்காரரு நெதானத்துல இல்லீங்க. நான் சொன்னா எல்லாத்து முன்னாலயும் கை நீட்டிப் போடுவாரு. உங்க அண்ணங்க சொன்னா மறுவார்த்தை பேசமாட்டாருங்க. வண்டிய மட்டும் எடுக்க வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

நேராகப் போய் அண்ணனிடம் சொன்னேன். யார், என்ன நிலைமை, அவள் என்ன கேட்டாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நம் டிரைவர் ஒருவர் பந்தியில்தான் இருக்கிறார், காரை அவர் கொண்டுபோய் விடட்டும் என்றும் சொன்னேன். அண்ணன் ஐஸ் பெட்டியை மூடிவிட்டு என்னை ஒரு விவரம் கெட்டவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"மாப்பள ஊட்டு ஆளுகிட்டப் போயி நீ குடிச்சிருக்கேன்னு சொல்லச் சொல்றியா அம்மிணி? எம்புள்ள நாளைக்கு அங்க பொழைக்கோணும்."

குடிக்க வைத்தது மரியாதை, குடித்திருக்கிறாய் என்று சொல்வது அவமரியாதை. எங்கள் சாதிசனம் இதைக் கூடி உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, ஆனால் ஒருவர் கூட மீறியதில்லை.

விருந்தாளியைக் கார் வரைக்கும் போய் வழியனுப்ப வேண்டும் என்பது இன்னொரு மரியாதை. அவள் புருஷனை, அதாவது மாப்பிள்ளையின் சித்தப்பாவை, தோளைப் பிடித்தபடி அண்ணன் நடத்திக்கொண்டு போனார். பிடிக்காமல் விட்டால் அந்த ஆள் வரப்பிலேயே விழுந்திருப்பார். கார் கதவருகே இடுப்பைத் தடவியதில் சாவி புழுதியில் விழுந்தது. குனிந்தால் எழ முடியாது என்று தெரிகிற அளவுக்குச் சித்தப்பாவுக்குத் தெளிவு இருந்தது. அண்ணன்தான் குனிந்து எடுத்தார். பின்னாலேயே போயிருந்த நான், "வேண்டாம்ணா" என்றேன். அவர் திரும்பவில்லை. தோள் துண்டால் சாவியின் மண்ணைத் துடைத்து, தாம்பூலப் பையின் மேல் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். சித்தி முன் சீட்டில் ஏறினாள். ஏறாமல் நின்றால் அதற்கு வேறு ஒரு பேச்சு கிளம்பும். சித்தப்பா, "போயிட்டு வாரோமுங்க" என்று பலமாகக் கும்பிட்டார். நல்ல வெயில், ரோடு காலியாகத்தான் இருந்தது.

வாய்க்கால் பாலத்துக்கு முன்னாலிருந்த புளியமரத்தில் கார் அவள் பக்கமாக மோதியது. சித்தப்பாவுக்கு நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. அவளுக்கு இடுப்பும் தொடையும் நொறுங்கிப்போயின. இனி தறியில் நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேலம் ஆஸ்பத்திரிக்கு அண்ணன் ஹார்லிக்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனார். கூட நானும் போனேன். கட்டிலைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் நின்றிருந்தார்கள். அண்ணன் முதலில் விதி என்றார். பிறகு புளியமரத்தை நெடுஞ்சாலைக்காரர்கள் வெட்டாமல் விட்டதைக் குறை சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசாததால் தைரியம் வந்துவிட்டது.

"இத்தனை முடியாம இருந்தாருன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வண்டிய எடுக்க உட்டிருப்பனுங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது அதே தோள் துண்டு.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையை மெல்ல என் பக்கம் திருப்பினாள். அந்த முகத்தில் அவர் மேல் கோபமே இல்லை, என்மேல்தான் வருத்தம். அதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க சொல்லவே இல்லீங்களா அக்கா?"

"சொன்னேன் சாமி. ரெண்டு தடவ சொன்னேன்" என்றேன்.

அண்ணன் ஆப்பிள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, எல்லோருக்கும் காபி சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனார்.