குருவி பேரில் போன காசு

என் இஸ்திரிக் கடைக்கும் பக்கத்து சலூனுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் சலூன்காரரைப் பற்றி நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வாங்குகிற வாடகைக்குக் கட்டடக்காரர் ஒரு செங்கல் சுவர் எழுப்பியிருந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

ஒடிசலான மனிதர். கத்தரிக்கோலைவிட வாய் வேகமாக ஓடும். வழுக்கைத் தலைக்காரர் வந்து உட்கார்ந்தால், தேடித் தேடி வெட்ட வேண்டியிருக்கிறது, அதற்குத் தனிக் கூலி என்பார். மனைவி இறந்த பிறகு ஒரே மகளைத் தனியாளாக வளர்த்தார். சின்ன வயதில் ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசுவாளாம், அதனால் குருவி. வளர்ந்து அலுவலக வேலைக்குப் போன பிறகும் எங்கள் எல்லோருக்கும் குருவிதான். அவளுக்கு ஒரு முழுப் பெயர் இருக்கிறது என்பதே, சலூனில் பணம் வாங்கும் பலகை வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

காசைக் கையால் தொடுவதே கேவலம் என்பதுபோல ஊர் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பஸ்ஸில் அட்டை, மருந்துக் கடையில் போன். எந்தக் கடைக்குப் போனாலும் கறுப்புக் கட்டங்கள் போட்ட பலகை ஒன்று, அதற்கு நேரே போனைப் பிடித்தால் பணம் போய்விடும். நான் குறை சொல்ல மாட்டேன். சில்லறைக்காக வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டியதெல்லாம் அதோடு ஒழிந்தது. கல்லாவில் கை வைத்துவிட்டுத் திருதிருவென்று முழிக்கும் என் வீட்டுக்காரருக்கும் அதற்கு மேல் வழியில்லாமல் போனது. அதற்காகவே பலகைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சலூன்காரருக்குப் போனில் பேசத்தான் தெரியும். உங்களுக்கு எதற்கு இந்தத் தலைவலி, என் கணக்கிலேயே வந்து விழட்டும் என்று குருவி தன் பெயரில் பலகை வாங்கிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினாள். வாடகையிலிருந்து வீட்டுச் செலவுவரை எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். அவர் முடி வெட்டுவார், சாப்பிடுவார், நிம்மதியாகத் தூங்குவார். கொடுத்து வைத்த மனிதர் என்று நானே வயிறெரிந்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் மறுபடி கடை திறந்த அன்று நான் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுத் தடுப்போரம் நின்றேன். ஆமாம், அன்றைக்கு மட்டும் வேண்டுமென்றேதான் கேட்டேன். முதல் ஆள் முடி வெட்டி முடித்து, பலகைக்கு நேரே போனைப் பிடித்தார். காசு வேறு யாருக்காவது போய்விடக் கூடாதே என்று, போனில் வரும் பெயரைச் சத்தமாகப் படித்து, கடைக்காரர் ஆமாம் சொன்ன பிறகுதான் இங்கே எல்லோரும் பணம் அனுப்புவார்கள். அவரும் குருவியின் முழுப் பெயரைப் படித்து, இதுதானே என்று கேட்டார். கத்தரிக்கோலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சலூன்காரர் குரல் வந்தது.

"ஆமா. என் பொண்ணுதான்."

அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி, அதே பதில். துணி மடித்துக்கொண்டிருப்பேன், திடீரென்று தடுப்புக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஆண்குரல் ஒன்று குருவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவள் பின்கட்டிலிருந்து 'வந்துட்டேன்' என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு கணம் காது கூர்மையாகும். கூடப் பழகிய எனக்கே அப்படி என்றால் பெற்றவருக்கு?

அவருக்கு அது பிடித்துப் போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிலர் பெயரை மனதுக்குள் படித்துக்கொள்வார்கள். அவர்களிடம், என்ன பெயர் வருகிறது, கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள் என்பார். நோட்டை எடுத்து நீட்டும் வயசாளிகளிடம் போன் இல்லையா என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு நோட்டே வாங்க மாட்டேன் என்றார். அந்த நோட்டுதான் அவருக்குச் சோறு. பலகையில் போகிற காசெல்லாம் குருவியின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்கும் ரகசிய எண் அவளோடு போய்விட்டது. ஒன்று வங்கிக்குப் போய் இறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பட்டினி கிடக்க வேண்டும். மனிதர் பட்டினியைப் பிடித்துக்கொண்டார். பஸ் அட்டையில் பணமில்லாமல் நடந்து வந்தார். என்னிடம் வாங்கிக் குடிக்கும் டீயையும், வயிறு சரியில்லை என்று சொல்லித் தவிர்த்தார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே உள்ளே போய், "அண்ணே, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உங்க பேர்ல ஒரு பலகை வாங்கி ஒட்டுங்க, அந்தச் சான்றிதழை எடுத்துட்டு வங்கிக்குக் கிளம்புங்க" என்றேன்.

அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நான்தான் அவளுக்கு அந்தப் பேர வச்சேன் தங்கச்சி. ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்ல. இப்ப ஊரே கூப்பிடுது."

கூப்பிட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அதற்கு, பணம் அனுப்பியதும் போனில் பச்சையாக ஒரு குறி வருமே, பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பார்க்காமல் என்ன?

"போய்ச் சேந்துடுச்சுன்னு வருதுல்ல? ஆள் இருந்தாத்தானே தங்கச்சி, போய்ச் சேரும்?"

கண்ணாடியில் அவர் முகமும் என் முகமும் தெரிந்தன, நடுவில் காலியாக இருந்த நாற்காலி தெரிந்தது. என் கடைக்கு வந்துவிட்டேன். அன்று ஒரு நல்ல சட்டையைத் தீய்த்தேன், அதற்கும் தண்டம் அழுதேன்.

அவரை அசைத்தது நான் இல்லை, கட்டடக்காரர். பல மாத வாடகை நின்றுவிட்டது, மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பூட்டுப் போட்டுவிடுவேன் என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். கடை போனால் பலகையும் போகும், பெயரைக் கூப்பிட யாரும் வர மாட்டார்கள். அந்தக் கணக்கு அவருக்கே புரிந்திருக்க வேண்டும். மறுநாள் சான்றிதழைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கூட வருகிறாயா என்று கேட்டார்.

வங்கியில் இருந்த அம்மா நல்ல மாதிரி. திட்டவில்லை, ஏன் இவ்வளவு தாமதம் என்று துருவவும் இல்லை. இறப்பைப் பதிந்ததும் மகளின் கணக்கு நின்றுவிடும், இருக்கிற பணமெல்லாம் அப்பாவுக்கு வந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். இவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாமே நின்னுடுமாம்மா?" என்று கேட்டார். எல்லாமே என்றார் அந்த அம்மா. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

பணம் வந்தது, வாடகையும் கட்டியாகிவிட்டது. கண்ணாடி ஓரத்தில் அவர் பெயரில் புதுப் பலகை ஏறியது. வந்தவர் அந்தப் பெயரைப் படித்து இதுதானே என்றால், இவர் பழக்க தோஷத்தில், 'இல்லை' என்று சொல்லிவிடுவார். அப்புறம் திருத்திக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். நாளாவட்டத்தில் அதுவும் சரியாயிற்று. வழுக்கைத் தலை ஜோக்குக்கூடத் திரும்பி வந்தது. அப்பாடா, மனிதர் கரையேறிவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு மதிய நேரம், போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். காலையிலிருந்து யாரையும் கூப்பிட முடியவில்லை, யாருடைய அழைப்பும் வரவில்லை, கெட்டுவிட்டது போலிருக்கிறது என்றார். எனக்கும் அதில் ஒன்றும் புரியவில்லை. தெருமுனைப் போன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் வாங்கித் தட்டிப் பார்த்தார். போனில் ஒரு கோளாறும் இல்லை, இந்த மாதப் பணம் கட்டவில்லை, அதுதான் லைனை நிறுத்திவிட்டார்கள் என்றார்.

"நான் என்னைக்குமே கட்டினதில்லையே" என்றார் சலூன்காரர்.

கடைக்காரர் வந்திருந்த செய்தியை நிதானமாகப் படித்துப் பார்த்தார். யாரோ தங்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகவே கட்டிப் போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள், போன மாதம்வரை தவறாமல் வந்திருக்கிறது, இப்போது அந்தக் கணக்கை மூடிவிட்டார்களாம் என்றார். இன்றைக்கே கட்டிவிட்டால் உடனே லைன் வந்துவிடும், கட்டட்டுமா என்று கேட்டார்.

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டார். வெயிலில், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.

"அவ இத்தன நாளும் எனக்குக் கட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கா தங்கச்சி. நான்தான் கையெழுத்துப் போட்டு நிறுத்திட்டேன்."